சகலை வாங்கித் தந்த ஆன்ட்டிவைரஸ்

என் மனைவியின் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்காமல் போகும்படி அவர் எதுவும் செய்ததில்லை. எங்கள் கல்யாணத்தின்போது சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தவர், என் பக்கத்துச் சொந்தக்காரர்களைக்கூட முறை சொல்லிக் கூப்பிட்டு, உட்கார வைத்துப் பரிமாறினார். "உன் சகலை மாதிரி ஒரு ஆளு கிடைக்குமாடா" என்று என் பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை நான். சொந்தபந்தம் நினைவில் வைத்திருப்பது அவரை.

சவுதியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர், திரும்பி வந்து பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேலேயே கடை போட்டார். கண்காணிப்பு கேமரா, இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் ரிப்பேர். நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் லோடு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எந்த லாரியில் எத்தனை மூட்டை, எந்த ஊருக்கு என்று பில் போடுகிற வேலை. பகலெல்லாம் நானும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்று பேச்செடுத்தால் என் மனைவியின் வாயில் முதலில் வருவது, "மச்சான்கிட்டக் கேப்போம்" என்பதுதான்.

அக்கா புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. என்றாலும் அந்தச் சொல்லை அவள் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருக்கும். பஸ்ஸில் இடம் கிடைத்தவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடுவார்களே, அந்த மாதிரி. என்னைக் கூப்பிடும்போது அது இருக்காது. என்னைக் கூப்பிடும் "ஏங்க"வுக்குப் பின்னால் பெரும்பாலும் சிலிண்டர் இருக்கும், இல்லையென்றால் தண்ணீர் வண்டி இருக்கும்.

அவள் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பின்னறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, செல்போனில் தானே படம் பிடித்து, கணக்குப் பாடங்களை வீடியோவாகப் போட ஆரம்பித்தாள். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக. முதலில் அவளிடம் படித்த நாலைந்து பேர் பார்த்தார்கள். பிறகு பரளச்சி, எம்.ரெட்டியபட்டி என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். அப்புறம் எங்கள் இருவருக்கும் பெயரே தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம், "மிஸ், புரிஞ்சிருச்சு" என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒரு நாள் டவுனில் மல்லிகைப்பூ வாங்க நின்றோம். பூக்கட்டும் அம்மா அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "எம் மகளுக்குச் செல்லுல கணக்குச் சொல்லிக் குடுக்கிறது நீங்கதான?" என்று கேட்டு ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்தார்.

கூம்பின் இடைக்கண்டம் என்று ஒரு பாடம் உண்டு. கூம்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் வடிவம். அதற்காக மில்லில் கேட்டு நூல் சுற்றுகிற அட்டைக் கோன் ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன். அச்சு அசல் அந்த வடிவம்தான். அவள் அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டி நடத்தினாள். அந்த வீடியோவைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அதன் கீழே வந்த கருத்துகளையெல்லாம் நான் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து வாசித்தேன். கோனைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. "லைட்டிங் சூப்பர் மிஸ்" என்று பலர் எழுதியிருந்தார்கள். லைட் சகலை வாங்கித் தந்தது.

லைட் மட்டுமில்லை. மைக் அவர் தந்தது. நல்ல கம்ப்யூட்டர் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்ததும் அவர்தான். நான் அதற்கு முன்னால் வாங்கி வைத்திருந்த பழைய லேப்டாப், மகள் படம் வரைவதற்கென்று அலமாரிக்குள் போய்விட்டது.

ஆன்ட்டிவைரஸ் பேச்சு வந்தது பொங்கலுக்கு, திருச்சுழியில் மாமியார் வீட்டில். இரண்டு மாப்பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். மாமியார் முதல் கரண்டிக் குழம்பை அவர் இலையில் விட்டார். மூத்த மாப்பிள்ளை என்பதால்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்வது.

"தங்கச்சி கம்ப்யூட்டர்ல என்ன ஆன்ட்டிவைரஸ் இருக்கு?" என்று அவர் சாப்பிட்டபடி கேட்டார்.

என் மனைவி பதில் சொல்லுமுன் நான் சொன்னேன்: "கம்ப்யூட்டரோடவே ஒண்ணு வருதுல்லண்ணே. அது ஓடிக்கிட்டு இருக்கு. அது போதும்."

அதை நானாகச் சொல்லவில்லை. மில்லில் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்டிருந்தேன். "அப்டேட் தவறாம ஆகணும், தெரியாத ஃபைலத் திறக்கக் கூடாது, முக்கியமானதுக்கு வேற டிஸ்க்ல ஒரு காப்பி இருக்கணும். இதெல்லாம் இருந்தா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதோட வர்றதே போதும் சார்" என்றார் அவர். அவர் சொன்னதில் கடைசிச் சொல்லை மட்டும்தான் நான் திருச்சுழிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

சகலை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "தம்பி, சும்மா வர்றது சும்மாதான் வேலை செய்யும். இவ்வளவு பிள்ளைக பாக்குற சேனல். நான் ஒண்ணு வாங்கித் தாரேன். ஒரு வருசத்துக்குக் கவலையே இல்ல."

"இல்லண்ணே, இப்பல்லாம் அது நல்லாத்தான் வேலை செய்யுதாம்..."

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் என் மனைவி, அப்பளத்தை என் இலையில் வைத்துக்கொண்டே. மாமியாருக்கு ஆன்ட்டிவைரஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அவரும், "பெரிய மாப்ள விவரமில்லாமச் சொல்ல மாட்டாக" என்றார்.

சும்மா வந்தது என்று அவர் சொன்னது கம்ப்யூட்டரில் இருந்ததைத்தான். எனக்கு என்னையே சொன்ன மாதிரி இருந்தது. கூடவே இருக்கிறேன், கேட்டால் ஓடுகிறேன், கேட்காமலும் ஓடுகிறேன்.

அடுத்த வாரமே ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே ஒரு சிறு அட்டை, அதில் சுரண்டினால் தெரியும் எண்கள். ஏற்றி முடித்ததும் திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்து உட்கார்ந்தது. அவர் போன பிறகு நான் பழைய ஆன்ட்டிவைரஸைத் திறந்து பார்த்தேன். பாதுகாப்பை வேறொரு மென்பொருள் கவனித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தது. புதியது வந்தால் பழையது தானாகவே ஒதுங்கிக்கொள்ளுமாம். அதுதான் சரியான முறை, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று மில்லில் சொன்னார்கள். எனக்கு அது இத்தனை மரியாதையாக ஒதுங்கியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து நான் அந்த டப்பா ஆன்ட்டிவைரஸின் தப்புகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் மெதுவானால் அதைத்தான் சொன்னேன். அது ஏதாவது அறிவிப்புக் காட்டினால், "விளம்பரம் பண்ணுது பாரு" என்றேன். ஒரு நாள் மின்சாரம் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தது. அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"உங்களுக்கு மச்சான் வாங்கிக் குடுத்ததுதான் பிடிக்கல" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா விடுங்க."

மாசி மாதம், பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகள் படிப்பதற்கான மேசை விளக்கு செய்கிற கம்பெனியாம். உங்கள் சேனலில் விளம்பரம் தர விரும்புகிறோம், விவரங்கள் இணைத்திருக்கிறோம் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். கணக்குப் பாடத்துக்கு மேசை விளக்கு, பொருத்தமாகத்தான் இருந்தது. இணைப்பைத் திறப்பதற்குக் கடவுச்சொல்லையும் அவர்களே கடிதத்தில் கொடுத்திருந்தார்கள். ரகசியமான ஒப்பந்தம் என்பதால் பூட்டி அனுப்புகிறோம் என்று விளக்கம் வேறு.

அவள் இறக்கினாள். பச்சை டிக் அப்படியே இருந்தது. திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஃபைல் கெட்டுப்போய் வந்திருக்கும் என்று நினைத்து, எழுந்துபோய் உலை வைத்தாள்.

நான் மில்லில் இருந்தேன். திண்டுக்கல் லோடு ஏறிக்கொண்டிருந்தது. போன் வந்தது, சகலையிடமிருந்து.

"தம்பி, விசயம் தெரியும்ல?"

என்ன விசயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டு விசயம் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. "தெரியும்ண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

"நான் கிளம்பிட்டேன். பைபாஸ்ல வாரேன். நீங்க வீட்டுக்கு வந்துருங்க."

மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மகளுக்கு ஏதாவதா, அவளுக்கு ஏதாவதா? பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் நிற்கும்போது, பயத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. ஏன் அவருக்கு முதலில் போன் போட்டாள்? மில் பக்கத்தில் இருக்கிறது. பந்தல்குடி அதைவிட எவ்வளவோ தூரம்.

வீட்டு வாசலில் அவர் வண்டி ஏற்கெனவே நின்றது. உள்ளே போனால் மகள் நல்லபடியாக முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். மனைவி பின்னறையில் கரும்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். சகலை கம்ப்யூட்டர் முன்னால். அவள் தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். அவளுடைய மாணவி ஒருத்தி அனுப்பிய செய்தி: "மிஸ், உங்க சேனல்ல யாரோ வெள்ளைக்காரர் பேசிக்கிட்டு இருக்கார். கணக்கு வீடியோ ஒண்ணுமே காணோம்."

திறந்து பார்த்தேன். சேனலின் பெயர் மாறியிருந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு தங்க நாணயத்தின் படம். கோட்டுப் போட்ட ஒருவர், இந்த டிஜிட்டல் நாணயத்தில் பணம் போட்டால் இரட்டிப்பாகும் என்று நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தார். கரும்பலகை முன் நின்று அவள் பேசிய அத்தனை நாள் பேச்சும் மறைந்துவிட்டது.

"பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. போன் நம்பரையும் மாத்திட்டாங்க" என்றார் சகலை.

"ஓ.டி.பி. வருமேண்ணே. அது இல்லாம எப்படி உள்ள போக முடியும்?"

"வரும் தம்பி. ஆனா அந்த ஃபைலு பாஸ்வேர்டத் திருடல. தங்கச்சி ஏற்கெனவே சேனலுக்குள்ள நுழைஞ்சு வச்சிருந்தாள்ல, அந்த நுழைஞ்ச அடையாளத்தையே கம்ப்யூட்டர்ல இருந்து தூக்கிட்டுப் போயிருக்கு. திருடன் அத வச்சிக்கிட்டுப் போயி, நான்தான் இவங்கன்னு சொல்லியிருக்கான். அப்ப ஓ.டி.பி. கேக்காது."

சொல்லிவிட்டு ஆன்ட்டிவைரஸைத் திறந்தார். பச்சை டிக். 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது.' அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை வடிந்தது. மெல்ல, "எல்லாம் சரியா இருக்குன்னுதான் காட்டுது" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குள் வந்ததை எப்படிச் சொல்வது? என் மனைவி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உழைப்பெல்லாம் கைவிட்டுப் போயிருக்கிறது. எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு ஓரத்தில், அவர் இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீ போட்டுக்கொண்டு வந்தாள். முதல் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க என்ன செய்வீக மச்சான். திறந்தது நானு."

அவர் கண் கலங்கிவிட்டது. "நான்தாம்மா, கவலையில்லன்னு சொன்னேன்."

"விடுங்க. டீயக் குடிங்க, ஆறிரும்."

அவர் தப்புச் செய்தால்கூட அவருக்கு ஒரு டீயும் ஆறுதலும் கிடைக்கிறது. அவள் என்னிடம் அந்தக் குரலில் கடைசியாக எப்போது பேசினாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அவர் ஜெயித்தபோது வந்ததைவிட, அவர் தோற்றபோதுதான் எனக்குப் பொறாமை அதிகமாக வந்தது.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கடைக்குப் போய்ச் சில சாமான்கள் எடுத்துவருவதாகக் கிளம்பினார். அவர் போனதும் நான் அலமாரியிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்தேன். அதில் கூட வந்த ஆன்ட்டிவைரஸ்தான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. இணையத்தில் போட்டு முதலில் அதை அப்டேட் செய்தேன். அவளுடைய செல்போனில் அந்த மின்னஞ்சல் இன்னும் இருந்தது. அந்த இணைப்பை லேப்டாப்புக்கு இறக்கி, பூட்டை மட்டும் திறந்தேன், உள்ளே இருப்பதை இயக்கவில்லை. இது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும். அதை அவளிடம் காட்டுவேன். பிறகு அவரிடமும் காட்டுவேன், அடக்கமாக.

எதுவும் வரவில்லை. நானே அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கச் சொன்னேன். சுற்றியது, சுற்றியது. ஆபத்து எதுவும் இல்லை என்று பச்சையில் சொன்னது.

இன்னொரு தடவை சோதித்தேன். மறுபடியும் அதே பதில்.

அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "என்ன செய்றீக?"

"இதுல பிடிக்குதான்னு பாத்தேன்."

"பிடிச்சுச்சா?"

"இல்ல."

"அப்ப உங்களுதுலயும் பச்சை டிக்தான இருந்திருக்கும்?"

நான் லேப்டாப்பை மூடினேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்க அந்த டப்பா வேண்டாம்னு சொன்னீக. மச்சான் வேணும்னு சொன்னாக. எந்த ஃபைலத் திறக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சொல்லல" என்றாள். மில் ஆள் சொன்னதில் நான் வழியில் விட்டுவிட்டு வந்த பகுதி அதுதான்.

மறுநாள் மதியம் அந்த ஃபைலை மறுபடியும் சோதித்தேன். இந்தத் தடவை சிவப்பு எச்சரிக்கை பளிச்சென்று வந்தது. சகலைக்குப் போன் போட எண்ணினேன். அதற்குள் அவரே கூப்பிட்டார். கடையில் ஒரு கம்ப்யூட்டரில் அவரும் அதே வேலையைப் பார்த்திருக்கிறார். டப்பா ஆன்ட்டிவைரஸும் நேற்றுப் பிடிக்காததை இன்று பிடித்துவிட்டது. புதிதாக வந்த களவாணி. ஆள் அடையாளம் ஸ்டேஷனுக்கு வந்து சேருவதற்குள் வீட்டுக்குள் புகுந்துவிட்டான். பூட்டிய ஃபைலுக்குள் என்ன இருக்கிறதென்று எதனாலும் எட்டிப் பார்க்க முடியாது. பூட்டைத் திறந்த பிறகும், வேண்டுமென்றே ஊதிப் பெரிதாக்கி வைத்திருந்ததால், ரொம்பப் பெரிய ஃபைலென்று ஆன்ட்டிவைரஸ் பார்க்காமலே விட்டிருக்கலாம் என்றார். காசு கொடுத்தது, சும்மா வந்தது இரண்டும் ஒன்றுபோலத் தூங்கியிருந்தன. யாரும் யாரையும் சொல்வதற்கில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் செய்தது. கம்ப்யூட்டரை முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றித் தரும்படி சகலையிடம் சொன்னாள். அவர் ஏற்றினார். "அதே ஆன்ட்டிவைரஸப் போடட்டுமா தங்கச்சி? இன்னும் காலம் இருக்கு" என்று தயங்கிக் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். "கூட வர்றது இருக்கட்டும் மச்சான். வீட்டுல வச்சிருக்கிறதுக்கு அது போதும். ஆனா அது இருக்குங்கிற தைரியத்துல எதையும் திறக்க மாட்டேன்." நான் பொங்கலன்று சொன்னதுதான் கடைசியில் நின்றது. ஆனால் அதை நான் சொன்னதாக அங்கே யாருக்கும் நினைவிருந்த மாதிரித் தெரியவில்லை. என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். சகலை மட்டும் என் பக்கம் திரும்பி, "தம்பி அப்பவே சொன்னாரு" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் அவர் மேல் கோபமாக இருந்திருப்பேன். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை.

மின்னஞ்சல்களை அலமாரியிலிருந்து வந்த பழைய லேப்டாப்பில் மட்டும் திறப்பது என்று அவள் வைத்துக்கொண்டாள். சேனலைக் கையாளும் கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் கிடையாது, மகளின் விளையாட்டும் கிடையாது. பாடங்களை எடுத்ததும் ஒரு தனி டிஸ்கில் காப்பி போட்டு, கம்பியைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள்.

சேனலைத் திரும்பக் கேட்டு அந்த வீடியோத் தளத்துக்கு எழுதினாள். பதில் வந்தது, இயந்திரம் எழுதிய பதில். மறுபடியும் எழுதினாள். இதற்கிடையில் தேர்வு வந்துவிடும் என்று, பிள்ளைகளைச் செல்போன் குழுவில் சேர்த்துக்கொண்டு சாயங்காலங்களில் நேரடியாக நடத்த ஆரம்பித்தாள். கரும்பலகைக்கு எதிரே ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டுப் போனை நிறுத்திவைத்தோம். நடுவில் மின்சாரம் போனால் சகலையின் இன்வெர்ட்டர் காப்பாற்றியது. பரளச்சியில் ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பதாக ஒரு படம் அனுப்பினார்கள். அன்று அவள் சிரித்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் தினமும் சீக்கிரம் வந்து வாசலில் நின்றுகொண்டேன். பாத்திரக்காரர், ஐஸ் வண்டி, யாரும் சத்தம் போட்டுவிடக் கூடாது என்று. உள்ளிருந்து அவள் குரல் கேட்கும். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு பேசுகிற அந்த இதமான குரலும் கேட்கும். சகலை மேல் இருந்தது போதாதென்று, பார்த்தே இராத பிள்ளைகள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேர்வு முடிந்து, கோடை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் சேனல் திரும்பக் கிடைத்தது. பெரும்பாலான வீடியோக்களைத் திருடியவர்கள் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள், அழிக்கவில்லை. அழிந்த சிலவற்றை அவள் மறுபடி எடுத்தாள். சேனல் கிடைத்த செய்தியை இந்த முறை எனக்குத்தான் முதலில் போன் போட்டுச் சொன்னாள். நான் லாரிக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு, "அப்படியா, அப்படியா" என்று மட்டும் சொன்னேன். பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மச்சானுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "சொன்னேன். ஆனா லைன் பிஸியா இருந்துச்சு, கொஞ்சம் கழிச்சுத்தான் கிடைச்சாக" என்றாள். அப்படியென்றால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் முயற்சி செய்திருக்கிறாளா? கேட்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது என்று பட்டது.

போன மாதம் சகலை போன் செய்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் டப்பா ஆன்ட்டிவைரஸின் வருசம் முடிந்துவிட்டதாம்.

"தம்பி, புதுப்பிக்கட்டுமா, இல்ல கூட வர்றதையே விட்டுறட்டுமா? நீங்க என்ன நினைக்கிறீக?"

அவர் என்னிடம் ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு பெரிய பிரசங்கமே தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது, "வீட்டுல யார் யார் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுறாங்கண்ணே?" என்பதுதான். மகன் விளையாட்டுகளை எங்கெங்கிருந்தோ இறக்குகிறான் என்றார். காசு கட்டாமல் திருட்டுச் சாவி போட்டுத் திறக்கிற விளையாட்டுகளா என்று கேட்டேன். அப்படித்தான் போலிருக்கிறது என்றார். அதை நிறுத்தாமல் எதைப் போட்டும் பிரயோசனமில்லை, நிறுத்திவிட்டால் கூட வருவதே போதும், ஆனால் முக்கியமானதற்கு வெளியே ஒரு காப்பி வையுங்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். பேச்சு எங்கெங்கோ போனது. மழை இல்லாததைப் பற்றி, பருத்தி விலையைப் பற்றி, சவுதியில் அவர் இருந்த அறையில் ஏ.சி. ஓடாத ஒரு கோடையைப் பற்றி. நல்ல மனுசன்தான். எனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் இப்படிப் பேசியிருப்பேன் என்றுகூடத் தோன்றியது.

போனை வைத்தேன். அடுப்படியிலிருந்து அவள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"யாரு, மச்சானா?"

"ஆமா."

"என்கிட்டக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"என்கிட்டத்தான் பேச வந்தாரு" என்றேன். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. அவள் திரும்பவும் போனை எடுத்து அவர் எண்ணைத் தேட ஆரம்பித்ததும், நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.